மணிக்கு யார் பல் தேய்ப்பது?

நம் பல்லைத் தேய்ப்பதற்கே காலையில் சோம்பல். இதில் நாய்க்கு வேறு தேய்க்கணுமா?

நானும் இப்படித்தான் கேட்டேன். ஓசூரில் எங்கள் வீட்டு நாய்க்காக என் மனைவி ஒரு குட்டி பிரஷ்ஷும் கோழிக்கறி வாசனையில் ஒரு பேஸ்ட்டும் வாங்கி வந்தாள். பி.காம். படித்த புத்தி உடனே பில்லைப் பார்த்தது. என் பேஸ்ட்டைவிட விலை அதிகம்!

விஷயம் நாட்றாம்பாளையத்தில் இருக்கும் மாமாவுக்குப் போய்விட்டது. அஞ்செட்டியிலிருந்து ஒகேனக்கல் போகிற வழியில், காட்டை ஒட்டிய ஊர். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்கும். மாமா மூன்று பாஷையிலும் சிரித்தார்.

"ஏம் மாப்ளே, காட்டுல சிறுத்தைக்கு யாரு பல்லு வெளக்கி உடறாங்க?"

பக்கத்தில் படுத்திருந்த மணி வாலை ஆட்டி, மாமா கட்சியில் சேர்ந்துகொண்டது. மணிக்கு ஒன்பது வயது. ஆட்டுப்பட்டிக்கு அதுதான் செக்யூரிட்டி. ராத்திரி மணி குரைத்தால்தான் மாமா டார்ச்சைத் தேடுவார். சம்பளம் இரண்டு வேளை ராகிக் களி. பி.எஃப்., போனஸ் கிடையாது.

ஆறு மாதம் கழித்து மாமாவிடமிருந்து போன். "மணி களி தின்ன மாட்டேங்கறான். கிட்ட போனா உறுமறான். வயசாயிடுச்சு போல."

போய்ப் பார்த்தால், வாயில் எச்சில் ஒழுகுகிறது. வலது கண்ணுக்குக் கீழே வீக்கம். வருஷா வருஷம் வெறிநோய்த் தடுப்பூசி போட்ட நாய்தான். ஆனாலும் எச்சில் ஒழுகும் நாயின் வாயில் யாரும் கை விடக்கூடாது. அப்படியே கால்நடை டாக்டரிடம் கொண்டுபோனோம்.

டாக்டர் ஊசி போட்டுத் தூங்கவைத்து, உதட்டைத் தூக்கிக் காட்டினார். கடைவாய்ப் பல்லில் சிமென்ட் பூசின மாதிரி மஞ்சள் காரை. மேல்தாடையின் பெரிய பல் வேரோடு அழுகி, சீழ் கண்ணுக்குக் கீழே வந்து நின்றிருந்தது.

நாய்க்கு 42 பல்லாம். நம்மைவிட 10 அதிகம். நம்மைப் போல் சொத்தை அதிகம் வராது. ஈறு நோய்தான் எமன். மூன்று வயதுக்குள்ளேயே பெரும்பாலான நாய்களுக்கு அது ஆரம்பித்துவிடுகிறது. பல்லில் படியும் கிருமிப் படலம் சில நாளில் கல்லாகிவிடும். அப்புறம் பிரஷ்ஷுக்கு அசையாது. மயக்கம் கொடுத்துத்தான் சுரண்ட வேண்டும். கடன் கணக்கு மாதிரிதான் ஸார். வட்டியை அன்றன்றைக்குக் கட்டினால் சில்லறை. விட்டால் சொத்தே ஏலம்!

"அப்ப சிறுத்தைக்கு?" என்றார் மாமா, விடாமல்.

"அதுக்கும் பல் போகும். போனால் வேட்டை போகும். அதோடு கதை முடியும். நமக்குத்தான் தெரிவதில்லை" என்றார் டாக்டர்.

உண்மைதான். 1907-ல் குமாவுன் மலைப்பகுதியில் ஜிம் கார்பெட் சுட்ட சம்பாவத் பெண்புலிக்கு வலப்பக்கக் கோரைப்பற்கள் மேலும் கீழும் உடைந்திருந்தன. அதனால்தான் அது வழக்கமான இரையை விட்டு மனிதரைப் பிடித்தது என்று கார்பெட் எழுதினார்.

மணிக்கு இரண்டு பல்லைப் பிடுங்கினார்கள். திரும்பி வரும்போது மாமா பேசவே இல்லை. அஞ்செட்டி தாண்டினதும் மெதுவாக, "போன வாரங்கூட ராத்திரி பூரா குரைச்சு நின்னான் மாப்ளே. வலிக்குதுன்னு காட்டிக்கவே இல்லியே..." என்றார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வியர்வை என்று நானும் நம்பினேன்.

நாய் அப்படித்தான். வலியோடேயே தின்னும், வேலைக்கும் போகும். நாம்தான் கவனிக்க வேண்டும். வாய் நாற்றம், ஈறில் ரத்தம், ஒரு பக்கமாக மெல்லுதல், முகத்தில் வீக்கம் - இதில் ஒன்று தெரிந்தாலும் டாக்டரிடம் போய்விடுங்கள்.

தேய்ப்பது பெரிய வித்தை இல்லை. வளர்க்கிற நாய்க்கு, குட்டியிலேயே பழக்குங்கள். விரலில் மெல்லிய துணி சுற்றி, பல்லின் வெளிப்பக்கம் தேய்த்தால் போதும். தினமும் செய்தால் நல்லது. நம் பேஸ்ட் மட்டும் கூடாது! நாய்க்குத் துப்பத் தெரியாது, ஃப்ளோரைடை விழுங்கிவிடும். சில பேஸ்ட்டில் இருக்கும் சைலிட்டால் என்கிற இனிப்பு அதற்கு விஷம். எலும்பு கடித்தால் பல் சுத்தமாகும் என்பார்கள். வேகவைத்த எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும். ரொம்பக் கெட்டியானது பல்லையே உடைக்கும்.

இப்போது மாமா தினமும் சாயங்காலம் பழைய வேட்டித் துணியை விரலில் சுற்றிக்கொண்டு உட்காருகிறார். மணி முதலில் உறுமியதாம். இப்போது தானே வந்து வாயைக் காட்டுகிறதாம். கணக்குப்படி கையிருப்பு 40 பல்.

போன வாரம் அத்தை போன் செய்தார். "நாய்க்கு தெனமும் வெளக்கறாரு. இவரு பல்லுல இருக்கற பொகையில கறைய யாரு வெளக்கறது? நீயே வந்து கேளு மாப்ளே!"

அதற்கும் உதட்டைத் தூக்கிப் பார்க்க வேண்டும். உறுமுவார்.