கூடத்து விளக்கும் உடலின் கடிகாரமும்

உத்திரமேரூரைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் தேர்வுக் காலத்தில் இரவு பத்து மணிக்குமேல் தெருவில் நடந்தால், பல வீடுகளின் கூடத்தில் விளக்கு எரிவதைக் காணலாம். வெண்ணிற எல்.இ.டி. விளக்கின் நேர் கீழே யாரேனும் ஒரு மாணவர் படித்துக்கொண்டிருப்பார். விடியற்காலை எழுந்து மீதியைப் படிக்கலாம் என்று படுத்தால் உறக்கம் வருவதில்லை. காலையில் அம்மா மூன்று முறை எழுப்ப வேண்டியிருக்கிறது. இதைச் சோம்பல் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் தலைக்குமேல் எரிந்த விளக்குக்கும் இதில் பங்குண்டு.

மூளையின் அடிப்பகுதியில், இரு கண்களின் நரம்புகளும் குறுக்கிடும் இடத்திற்குச் சற்று மேலே, ஏறத்தாழ 20,000 நரம்பணுக்கள் கொண்ட சிறு தொகுதி ஒன்று இருக்கிறது. இதுவே உடலின் தலைமைக் கடிகாரம். உடல் வெப்பம் பின்னிரவில் தாழ்வதும், இருட்டியபின் பினியல் சுரப்பி மெலடோனின் என்னும் ஹார்மோனைச் சுரப்பதும் இதன் ஆணைப்படியே நடக்கின்றன.

வெளியுலகக் குறிப்பு எதுவும் இல்லாவிட்டால் இக்கடிகாரம் எப்படி ஓடும்? இதை ஆராய்ந்தவர்களுள் ஒருவர் மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் எம். கே. சந்திரசேகரன். அவரது குழு முதலில் குகை வௌவால்களை ஆராய்ந்தது. பின்னர் மனிதர் தனித்துத் தங்குவதற்கென்றே, நேரம் அறிய வழியில்லாத அறை ஒன்றையும் அமைத்தது. இத்தகைய அறைகளில் தங்குவோர் பெரும்பாலும் நாளுக்கு நாள் சற்றுப் பிந்தியே உறங்கச் செல்கின்றனர்.

எவ்வளவு பிந்தி? 1960களில் ஜெர்மனியின் ஆண்டெக்ஸ் என்ற ஊரில் நடந்த சோதனைகள் மனிதனின் உள் நாள் சுமார் 25 மணி என்று காட்டின. ஆனால் 1999இல் அமெரிக்காவின் ஹார்வர்டு ஆராய்ச்சியாளர்கள் மிக மங்கலான ஒளியில் அளந்தபோது 24 மணி 11 நிமிடம் என்றே வந்தது. வேறுபாட்டுக்குக் காரணம் விளக்குதான்! முந்தைய சோதனைகளில் தங்கியவர்கள் விழித்திருக்கும் வரை விளக்கைத் தாமே எரியவிட்டிருந்தனர். அந்த ஒளியே அவர்களுடைய கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளியிருந்தது. நம் கூடத்தில் நாள்தோறும் நடப்பதும் ஏறக்குறைய அதே சோதனைதான்.

ஒளி எந்த நேரத்தில் கண்ணில் படுகிறது என்பதே முக்கியம். மாலையிலும் முன்னிரவிலும் படும் ஒளி கடிகாரத்தைப் பிந்தச் செய்யும். விடிந்தபின் படும் ஒளி முந்தச் செய்யும். இதனை உணரும் சிறப்பு அணுக்கள் விழித்திரையில் உள்ளன. நீல ஒளி இவற்றை மிகுதியாகத் தூண்டுகிறது, வெண்ணிற எல்.இ.டி. விளக்கில் நீலம் கணிசமாக உண்டு.

சோழர் காலத்தில் கோயிலில் ஒரு நந்தாவிளக்கு எரிக்க 96 ஆடுகள் விடப்பட்டதைப் பல கல்வெட்டுகள் கூறுகின்றன. ஒளி அவ்வளவு விலையுயர்ந்த பொருளாக இருந்தது! இன்று விளக்கிட்ட கூடத்தில் 100 முதல் 300 லக்ஸ் வரை எளிதில் கிடைக்கிறது. முன்னிரவில் 100 லக்ஸ் ஒளியே மெலடோனின் சுரப்பைக் கணிசமாகக் குறைத்துவிடும். இதற்கு மாறாக, உச்சி வெயில் சுமார் 1,00,000 லக்ஸ். மேகமூட்டமான பகலிலும் திறந்த வெளியில் சில ஆயிரம் உண்டு. பகலெல்லாம் அறைக்குள் இருப்பவருக்கு இந்தப் பெரிய ஒளி கிட்டுவதே இல்லை. 2013இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், மின்விளக்கின்றி ஒரு வாரம் மலைப்பகுதியில் கூடாரமிட்டுத் தங்கியவர்களின் கடிகாரம் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் முந்தியது.

கைபேசியையே எல்லோரும் குறை கூறுகிறோம். உண்மையில் கூரை விளக்குதான் பெரும்பாலும் அதைவிட அதிக ஒளி தருகிறது. கைபேசியின் தீங்கு ஒளியில் மட்டுமன்று, கீழே வைக்க மனம் வராததிலும் இருக்கிறது.

வளரிளம் பருவத்தினரின் கடிகாரம் இயல்பாகவே சற்றுப் பிந்தியது. ஆகவே அவர்களுக்குத்தான் கவனம் கூடுதலாகத் தேவை. இரவு எட்டு மணிக்குப் பிறகு கூரை விளக்கை அணைத்துவிட்டு, மஞ்சள் நிற மேசை விளக்கின் ஒளி புத்தகத்தின்மேல் மட்டும் விழும்படி தாழ்த்தி வைக்கலாம். விடிந்ததும் அரைமணி நேரம் திண்ணையிலோ வாசலிலோ அமர்ந்து படிக்கலாம். பலன் ஓரிரவில் தெரியாது. கடிகாரம் நாளொன்றுக்கு ஒரு மணிக்கும் குறைவாகவே முன்னேறும் என்பதால், தேர்வுக்கு இரண்டு வாரம் முன்பே தொடங்கிவிட வேண்டும்.