கோடாலி இடும் அன்னம்

பசித்து வந்த ஜீவனுக்கு வயிறார உணவிடுவதைக் காட்டிலும் பெரிய தருமம் வேறில்லை என்று நாம் எண்ணிக் கொண்டிருக்கிறோம். மனிதர் விஷயத்தில் அது மெத்தச் சரி. மான் விஷயத்திலோ, அந்தத் தருமமே சில சமயம் கொலையில் முடிந்துவிடுகிறது.

அமெரிக்க ஐக்கிய நாட்டின் வடகோடியில் மினஸோட்டா, விஸ்கான்ஸின், மிஷிகன், வெர்மாண்ட், மெயின் முதலிய ராஜ்யங்கள் இருக்கின்றன. அங்கே மாசி மாதம் என்றால், வாசகர்கள் நம்முடைய மாசி மாதத்தை நினைத்துக் கொள்ளக் கூடாது. தரையெல்லாம் முழங்காலுக்கு மேல் உறைபனி மூடியிருக்கும். சில இரவுகளில் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 30 டிகிரி வரையில் கூட இறங்கும். அப்படிப்பட்ட ஒரு காலை வேளையில், காட்டோரத்து வீட்டு வாசலில், விலா எலும்பு தெரிய ஒரு மான் வந்து நின்றால் பார்க்கிறவர் மனம் பொறுக்குமா? வீட்டுக்காரர் ஒரு மூட்டை மக்காச்சோளத்தை அவிழ்த்துக் கொட்டுகிறார். மான் ஆவலோடு தின்கிறது. இரண்டொரு நாளில் அந்தக் குவியலுக்கு அருகிலேயே செத்துக் கிடக்கிறது. வயிற்றைக் கீறிப் பார்த்தால் உள்ளே சோளம் நிறைந்திருக்கிறது!

இந்தப் புதிரை நம் ஊர்ப் பால்காரரிடம் சொன்னால் உடனே விடுவித்துவிடுவார். மாட்டுப் பொங்கலன்று அன்பு மிகுதியால் பசுவுக்குப் பொங்கலை அளவு மீறி ஊட்டிவிட்டு, மறுநாள் அது வயிறு உப்பிக் கிடக்க, மாட்டு வைத்தியரைத் தேடி ஓடுகிற குடும்பங்கள் இன்றும் உண்டு. அசை போடும் பிராணிகள் தாமாக உணவைச் செரிப்பதில்லை. அவற்றின் முதல் இரைப்பையில் குடியிருக்கும் கோடானு கோடி நுண்ணுயிர்களே செரித்துக் கொடுக்கின்றன. பனிக்காலத்து மானின் வயிற்றில் இருப்பவை, சுள்ளியையும் மொட்டையும் மரப்பட்டையையும் செரிக்கப் பழகிய நுண்ணுயிர்கள். திடீரென்று மாவுச்சத்து நிறைந்த தானியம் உள்ளே போனால் அது பொங்கிப் புளித்து அமிலமாகிவிடுகிறது. அந்த அமிலம் ரத்தத்தில் கலந்து மானைக் கொல்லுகிறது. புது உணவுக்கு வயிறு பழக வேண்டுமானால் சில வாரங்கள் பிடிக்கும். பட்டினி கிடக்கும் மானுக்கு அவ்வளவு அவகாசம் ஏது?

அப்படியானால் இந்த மான்கள் பனிக்காலத்தை எப்படித்தான் கழிக்கின்றன? வெள்ளைவால் மான் என்று பெயர் பெற்ற இந்த ஜாதி, இலையுதிர் காலத்தில் ஓக் மரத்துக் கொட்டைகளையும் பீச் மரத்துக் கொட்டைகளையும் தின்று உடம்பில் கொழுப்பைச் சேர்த்துக் கொள்கிறது. பனி ஆழமானதும் ஹெம்லாக், செடார் முதலிய ஊசியிலை மரங்கள் அடர்ந்த தாழ்வான இடங்களில் போய்க் கூட்டமாகத் தங்கிவிடுகிறது. மேலே விழும் பனியை அம்மரங்களின் கிளைகள் தாங்கிக் கொள்கின்றன. காற்றும் உள்ளே புகாது. பலருடைய காலடி பட்டு நம் ஊரில் ஒற்றையடிப் பாதை விழுவது போல, மான்கள் நடந்து நடந்து பனியில் பாதைகள் உண்டாகின்றன. அந்தப் பாதைகளை விட்டு விலகினால் மார்பளவு பனியில் புதைய வேண்டியதுதான். ஆகவே மான் அதிகம் நடமாடாமல், சேமித்த கொழுப்பைச் சிக்கனமாகச் செலவழித்துக் கொண்டு, எட்டிய கொம்புகளைக் கடித்துக் காலம் தள்ளுகிறது. வசந்தம் வருவதற்குள் உடம்பின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்து போவது சகஜம்.

எட்டிய கொம்புகள் என்று சொன்னோமே, அங்கேதான் எல்லாச் சங்கடமும் இருக்கிறது. பின்னங்கால்களை ஊன்றி எழுந்து நின்றாலும் ஏறக்குறைய ஏழு அடிக்கு மேல் மானுக்கு எட்டாது. மரங்களோ வளர்ந்து கொண்டே போகின்றன. ஐம்பது அறுபது வருஷத்து மரங்கள் நிறைந்த ஒரு காடு மனிதர் கண்ணுக்குக் கோயில் மண்டபம் போலக் கம்பீரமாகத் தோன்றும். மானுக்கு அது சோறில்லாத சத்திரம். உணவு முழுவதும் உச்சியில் இருக்கிறது. முதலில் சாகிறவை குட்டிகள். அவற்றின் உடம்பில் கொழுப்பும் குறைவு. பெரிய மான்களுக்கு எட்டுவது அவற்றுக்கு எட்டுவதும் இல்லை.

இதற்கு அந்நாட்டு வன நிபுணர்கள் கண்ட பரிகாரம் கோடாலி. மானுக்கு மூட்டை சுமக்காதே, மரத்தை வெட்டு என்கிறார்கள். முருங்கையை ஒடித்து வளர்க்க வேண்டும் என்று நம் பாட்டிமார் சொல்வதன் சூட்சுமமே இதிலும் அடங்கியிருக்கிறது. பனிக்காலத்தில், மான்கள் ஒதுங்கும் இடத்துக்குச் சமீபமாக, மேபிள், பிர்ச், ஆஸ்பென் போன்ற இலையுதிர் மரங்களை ஒரு சிறு துண்டு நிலத்தில் வெட்டிச் சாய்க்கிறார்கள். அடிமரம் விறகுக்கோ மரக்கடைக்கோ போகும். நுனிக் கிளைகளைத் தரையிலேயே விட்டுவிடுகிறார்கள். நேற்று வரையில் அறுபதடி உயரத்தில் இருந்த மொட்டும் கொழுந்தும் இன்று மானின் வாய்க்கு நேரே கிடக்கின்றன. நம் நாட்டு இடையர்கள் துரட்டியால் தழை இழுத்துப் போட்டு ஆடுகளைக் கோடையில் காப்பாற்றுவதற்கும் இதற்கும் அதிக வித்தியாசமில்லை.

ஆனால் இது முதல் வருஷத்துப் பலன்தான். அடுத்த வசந்தத்தில் மேபிளின் அடிக்கட்டைகள் கொத்துக் கொத்தாய்த் துளிர்க்கின்றன. ஆஸ்பென் மரமோ, வெட்டுப்பட்டதும் தன் வேர்களிலிருந்து ஏக்கருக்கு ஆயிரக்கணக்கில் புதுக் கன்றுகளைக் கிளப்பிவிடுகிறது. சில வருஷங்களில் அவையும் மானுக்கு எட்டாத உயரம் வளர்ந்துவிடும் அல்லவா? அதனால்தான் காடு முழுவதையும் ஒரே தடவையில் வெட்டாமல், பல துண்டுகளாய்ப் பிரித்துச் சில வருஷங்களுக்கு ஒரு துண்டாக வெட்டி வருகிறார்கள்.

ஊசியிலை மரங்களில் மட்டும் கை வைப்பதில்லை. வயிற்றுக்கு வழி செய்கிறேன் என்று கூரையைப் பிரித்துவிட்டால் குளிரே மானைக் கொன்றுவிடும். அதிலும் வெள்ளைச் செடார் மரத்தின் கதி பரிதாபகரமானது. கூரையும் அதுவே, உணவும் அதுவே. மான் அதை அவ்வளவு பிரியமாகத் தின்பதால், முளைக்கும் கன்றுகளில் ஒன்று கூட மரமாகத் தலையெடுக்க முடிவதில்லை. மான்கள் மிகுந்த இடங்களில் கிழட்டுச் செடார்கள் மட்டும் நிற்கின்றன. அவற்றின் கீழே இளமரமே இல்லை.

மிகுந்த இடங்கள் என்றோம். காட்டை எவ்வளவு திருத்தினாலும், உண்ணும் வாய்கள் அளவுக்கு மிஞ்சினால் என்ன செய்வது? இந்தக் கேள்வியைப் பகிரங்கமாகக் கேட்டு வசை வாங்கிக் கட்டிக் கொண்டவர் ஆல்டோ லியோபோல்ட். 1887-ல் பிறந்த இவர் வன அதிகாரியாயிருந்து, 1933-ல் விஸ்கான்ஸின் சர்வகலாசாலையில் வன விலங்கு பரிபாலனத்துக்குப் பேராசிரியரானவர். வாலிபத்தில், ஓநாய் ஒழிந்தால் மான் பெருகும் என்று நம்பி ஓநாய்களைச் சுட்டவர். பிறகு ஓநாய் இல்லாத மலைகளை மான்கள் மொட்டையடித்ததைக் கண்டு மனம் மாறியவர். 1940-களின் தொடக்கத்தில் விஸ்கான்ஸின் காடுகளில் மான்கள் பட்டினியால் மடிந்து கொண்டிருந்தன. சர்க்காரே தீனி போட்டும் பயனில்லை. ஆண் மானை மட்டும் வேட்டையாடும் வழக்கத்தை விட்டுப் பெண் மான்களையும் குறைத்தால்தான் காடும் பிழைக்கும், மானும் பிழைக்கும் என்று அவர் வாதித்தார். 1943-ல் அப்படியே அனுமதி கொடுக்கப்பட்டது. அந்த ஒரு பருவத்தில் 1,20,000-க்கு மேற்பட்ட மான்கள் சுடப்பட்டன. ஜனங்கள் கொதித்தெழுந்தார்கள். மானைக் காப்பாற்றுவதற்கென்றே ஒரு பத்திரிகை தோன்றி, அவரை வாய்க்கு வந்தபடி ஏசிற்று.

சாத்வீகமான நம் மனத்துக்கு இது கசப்பாகத்தான் இருக்கிறது. ஆயினும் ஏசியவர்களைப் பற்றி ஒன்று கேட்கத் தோன்றுகிறது. துப்பாக்கியால் செத்த மான் அவர்கள் கண்ணில் பட்டது. பனிக்குள் மாதக் கணக்கில் வாடிச் செத்த குட்டி கண்ணில் படவில்லை. எது அதிகக் கொடுமை? லியோபோல்ட் 1948-ல், பக்கத்துப் பண்ணையில் பற்றிய புல்தீயை அணைக்கப் போன இடத்தில் மாரடைப்பால் இறந்தார்.

சோளக் குவியலுக்கு இப்போது இன்னொரு குற்றமும் சேர்ந்திருக்கிறது. 1967-ல் கொலராடோவில் அடைத்து வளர்த்த மான்களிடம் ஓர் உருக்கு நோய் தென்பட்டது. மூளை துளைத்துப் போய், உடல் மெலிந்து மான் சாகும், மருந்து கிடையாது. 2002-ல் அது விஸ்கான்ஸினிலும் காணப்பட்டது. நோய்ப்பட்ட மானின் எச்சில் முதலியவற்றால் பரவுவதோடு, மண்ணிலும் பல வருஷம் தங்கிவிடுகிறது. நாற்பது மான்கள் ஒரே குவியலில் வாய் வைத்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. சில ராஜ்யங்களில் மானுக்குத் தீனி போடுவதையே சட்டம் தடுக்கிறது. வெட்டிய கிளைகளோ காடு முழுதும் சிதறிக் கிடப்பதால், மான்களும் சிதறியே மேய்கின்றன.

கோடாலிக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. ஓக் மரங்களைச் சுற்றி நெருக்கி நிற்கும் மரங்களை அகற்றி, அவற்றின் தலைக்கு வெயில் படும்படி செய்கிறார்கள். அதனால் கொட்டை அதிகம் காய்க்கிறது. ஒரு காலத்தில் அமெரிக்கச் செஸ்நட் மரம் கிழக்குப் பிரதேசத்துக் காடுகளில் வருஷந்தோறும் தவறாமல் கொட்டை கொட்டிற்று. 1904-ல் நியூயார்க் நகரத்து மிருகக் காட்சிச் சாலையில் அதற்கு ஒரு பூஞ்சை நோய் கண்டது. ஐம்பது வருஷத்துக்குள் முந்நூறு கோடிக்கு மேற்பட்ட மரங்கள் பட்டுப் போயின. அந்த மரம் இட்டு வந்த விருந்தை, ஒரு வருஷம் காய்த்து ஒரு வருஷம் ஏமாற்றும் ஓக் மரங்கள்தான் இப்போது இட வேண்டியிருக்கிறது.

அந்த வடகாடுகளில் மரம் வெட்டுவோர் ஒரு விஷயம் சொல்வதுண்டு. மனிதர் வாடை பட்டால் பறந்தோடும் மான், கடும் பனிக்காலத்தில் இயந்திர ரம்பத்தின் இரைச்சலைக் கேட்டால் ஓடுவதில்லையாம். மரம் சாயும் ஓசைக்காக மறைவில் காத்து நின்று, வெட்டுவோர் வேலையை முடித்துத் திரும்புமுன்பே வந்து நுனிக் கொம்பைக் கடிக்கத் தொடங்கிவிடுமாம்.