கோபுரமில்லா விமான நிலையங்களில் மோதலைத் தவிர்த்தல்

ஐதராபாத்தைச் சார்ந்த பாலாநகரில் இந்துஸ்தான் ஏரோனாட்டிக்ஸ் நிறுவனத்தின் விமான மின்னணுவியல் பிரிவு 1965-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றது. விமானங்களுக்குரிய வானொலித் தொடர்புக் கருவிகள் அங்கு உருவாகின்றன. பெரிய விமான நிலையங்களில் விமானி இத்தகைய கருவியின் வாயிலாகக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் அனுமதியைப் பெற்று இறங்குகிறார். கோபுரமில்லாத சிறு நிலையங்களிலோ அனுமதி அளிப்பார் எவருமிலர். விமானிகளே தமக்குள் ஒழுங்கைக் காத்துக்கொள்ள வேண்டும்.

அவ்வொழுங்கின் முதற்கூறு சுற்றுப்பாதையாகும். இறங்க வரும் விமானம், பொதுவாகத் தரைக்கு மேல் ஏறத்தாழ 1,000 அடி உயரத்தில், ஓடுபாதையை ஒட்டிய நீள்சதுரப் பாதையில் பறந்து, இறுதியில் காற்றை எதிர்த்து இறங்குகிறது. வேறு விதி இல்லாவிடில் திருப்பங்கள் யாவும் இடப்புறமாகவே அமையும். தலைமை விமானி இடப்புற இருக்கையில் அமர்வதால் ஓடுபாதை அவர் பார்வையில் நிற்கும்.

அடுத்தது முன்னுரிமை. நேருக்கு நேர் வரும் விமானங்கள் இரண்டும் வலப்புறம் விலக வேண்டும். குறுக்கே நெருங்குமாயின், தன் வலப்புறத்தில் மற்றதைக் காணும் விமானம் வழிவிட வேண்டும். இறங்க வருவனவற்றுள் தாழப் பறப்பதற்கே முதலிடம்.

மூன்றாவது அறிவிப்பு. தம் விமானம் எது, எங்குள்ளது, எந்த ஓடுபாதையில் என்ன செய்யப்போகிறது என்பதைப் பொது அலைவரிசையில் ஒவ்வொரு விமானியும் கூற வேண்டும். இதில் நேரும் சிறு குழப்பமும் உயிர்களைப் பறிக்கக்கூடும்.

அமெரிக்க நாட்டின் குவின்சி நகர விமான நிலையத்தில் கோபுரம் இல்லை. 1996 நவம்பர் 19 அன்று அங்கு இறங்க வந்த பயணி விமானத்தினர், குறுக்கு ஓடுபாதையில் புறப்பட நின்ற விமானம் காத்திருக்குமா என்று வானொலியில் வினவினர். விடையளித்தவரோ அதன் பின்னால் நின்ற மூன்றாவது விமானத்தின் விமானி. அதே கணத்தில் விமானி அறையில் ஒலித்த எச்சரிக்கைக் குரல் அவ்விடையின் ஒரு பகுதியை மறைத்தது. முன்நின்ற விமானமே காத்திருக்க இசைந்தது எனக் கருதி அவர்கள் இறங்கினர். அதுவோ புறப்பட்டு ஓடியது. ஓடுபாதைகள் வெட்டும் இடத்தில் இரண்டும் மோதின. அவற்றிலிருந்த 14 பேரும் மாண்டனர். புறப்பட்ட விமானத்தினர் அலைவரிசையைச் செவ்வனே கேளாமலும், பிற விமானங்களைக் கூர்ந்து நோக்காமலும் இருந்ததே காரணமென விசாரணை முடிவு கூறியது.

ஆகவே, ஐயத்திற்குரிய விடை கிடைப்பின் மீண்டும் வினவுதல் வேண்டும். தெளிவு பெறாவிடில் இறங்காது மேலெழுந்து மறுமுறை சுற்றி வருதல் வேண்டும். வானொலியற்ற விமானமும் அருகில் இருக்கலாமாதலால் கண்காணிப்பு ஒருபோதும் தளரலாகாது.

ஆசிரியர்கள் கரும்பலகையில் ஓடுபாதையையும் சுற்றுப்பாதையையும் வரைந்து, மாணவர் நால்வரை விமானிகளாக நிறுத்தி அறிவிக்கச் செய்யலாம். பின்னர், அனைவரும் கண்களை மூடிக்கொள்ள, ஒருவர் மட்டும் தம் பெயரைக் கூறாது விடையளிக்கட்டும். பேசியவர் யாரெனப் பிறர் கொள்ளும் ஐயமே பாடத்தை விளக்கிவிடும்.