சுரங்கத்தின் கலங்கல் நீர் ஆற்றில் சேராமல் தடுக்கும் வண்டல் குளங்கள்: செயல்படுவது எப்படி?

நாட்டின் நிலக்கரி உற்பத்தி 2024-25 நிதியாண்டில் 100 கோடி டன்னைக் கடந்தது. இதில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்ட பங்கு திறந்தவெளிச் சுரங்கங்களிலிருந்து கிடைக்கிறது. மேல்மண்ணையும் பாறையையும் அகற்றி நிலக்கரி எடுக்கப்படும் இச்சுரங்கங்களுக்கு, ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான தென்மேற்குப் பருவமழைக் காலம் ஆண்டுதோறும் சோதனையாக அமைகிறது. குழியில் தேங்கும் நீரை வெளியேற்றினால்தான் பணி தொடரும். அந்நீர் தெளியும் முன்னரே வெளியேறினால் ஆறுகளும் வயல்களும் பாதிக்கப்படும். இந்தச் சிக்கலுக்குத் தீர்வாக அமைக்கப்படுபவையே வண்டல் குளங்கள்.

சேறு எங்கிருந்து வருகிறது?

நிலக்கரிக்கு மேலிருந்து அகற்றப்படும் மண்ணும் பாறையும் சுரங்கத்தை ஒட்டி மலைபோல் குவிக்கப்படுகின்றன. செடிகொடிகள் வேரூன்றாத புதிய குவியல்களை மழை எளிதில் அரித்துவிடும். நூறு ஹெக்டேர் பரப்பில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால், அங்கு விழும் நீரின் அளவு 10 கோடி லிட்டர். அதில் நிலத்துக்குள் இறங்கியது போக எஞ்சியது மண்ணையும் நிலக்கரித் தூளையும் அள்ளிக்கொண்டு ஓடுகிறது.

இதைக் கட்டுப்படுத்துவதில் முதல் விதி, நல்ல நீரைக் கலங்கல் நீருடன் சேரவிடாமல் காப்பதாகும். இதற்காகச் சுரங்கக் குழியைச் சுற்றி வடிகால் வெட்டி, வெளியிலிருந்து வரும் மழைநீர் திருப்பி விடப்படுகிறது. மண் குவியல்களின் அடிவாரத்தில் தடுப்புச் சுவரும் வடிகாலும் அமைக்கப்படுகின்றன. குழிக்குள் விழும் நீர், அதன் தாழ்வான பகுதியில் உள்ள தேக்கத்தில் சேர்ந்து, பம்புகள் மூலம் வண்டல் குளத்துக்கு ஏற்றப்படுகிறது. அங்கு வண்டல் படிந்தபின், மேற்பரப்பில் தெளிந்த நீர் மட்டும் கலங்கல் வழியாக வழிந்து வெளியேற வேண்டும்.

துகள் சிறுத்தால் காலம் நீளும்

வண்டல் குளத்தின் செயல்திறன், நீர் அதில் எவ்வளவு நேரம் அமைதியாகத் தங்குகிறது என்பதைப் பொறுத்தது. அசைவற்ற நீரில் 0.1 மில்லிமீட்டர் மணல் துகள் ஒரு மீட்டர் ஆழம் இறங்க ஏறத்தாழ இரண்டு நிமிடங்கள் போதும். அதில் பத்தில் ஒரு பங்கு விட்டமுள்ள துகளுக்கு ஏறத்தாழ மூன்று மணி நேரமும், நூறில் ஒரு பங்கு விட்டமுள்ள களிமண் துகளுக்குப் பல நாட்களும் தேவைப்படும். நிலக்கரித் தூள் மணலைவிட எடை குறைந்தது என்பதால், அதே அளவுள்ள மணல் துகளைவிட மெதுவாகவே படியும். எனவே நுண்துகள்களை ஒன்றுதிரட்டி விரைவாகப் படியச் செய்யப் படிகாரம் போன்ற பொருள்கள் சேர்க்கப்படுகின்றன.

படிந்த சேற்றை அகற்றாவிட்டால் குளத்தின் கொள்ளளவு குறையும். நீர் தங்கும் நேரமும் சுருங்கும். பெருமழையின்போது பாய்ந்து வரும் வெள்ளம், ஏற்கெனவே படிந்த சேற்றையும் கிளறி வெளியே இழுத்துச் செல்லும். ஆகவே, பருவமழைக்கு முன்பே தூர்வாருவது இன்றியமையாதது. தூர்வாரிய சேற்றை மீண்டும் குளத்துக்குள் வழிந்து வராத இடத்தில் கொட்டுவதும் அதே அளவுக்கு முக்கியம்.

விதிகள் கூறுவது என்ன?

நிலக்கரிச் சுரங்கங்களுக்கான கழிவுநீர் வரம்புகளை மத்திய அரசு 2000-ஆம் ஆண்டில் அறிவிக்கை செய்தது. அதன்படி, வெளியேற்றப்படும் ஒரு லிட்டர் நீரில் மிதக்கும் திடப்பொருள்கள் 100 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. பாசன நிலத்தில் விடப்படும் நீருக்கு இவ்வரம்பு 200 மில்லிகிராம். எண்ணெய்ப் பிசுக்கு 10 மில்லிகிராமுக்கு மிகக் கூடாது. அமில, காரத் தன்மையைக் குறிக்கும் பிஎச் அளவு 5.5 முதல் 9 வரை இருக்கலாம். 1974-ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின்கீழ், கழிவுநீரை வெளியேற்ற மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவைப் பெறுவது கட்டாயம்.

எனினும், தெளிந்த நீரெல்லாம் தூய நீர் ஆகிவிடாது. வெடிமருந்திலிருந்து கலக்கும் நைட்ரேட் நீரில் கரைந்துவிடும் என்பதால் குளத்தில் படியாது. அசாமின் மாகும் பகுதியில் உள்ளதைப் போன்ற கந்தகம் மிகுந்த நிலக்கரிப் படிவங்களில் காற்றும் நீரும் படும்போது அமிலம் உருவாகிறது. அத்தகைய நீரைச் சுண்ணாம்பு கொண்டு சமன்படுத்திய பின்னரே வெளியேற்ற இயலும்.

ஆறு சுரங்கத்துக்குள் புகுந்தபோது

நீர் எதிர்த்திசையிலும் பாயக்கூடும். சத்தீஸ்கரின் கோர்பா மாவட்டத்தில் உள்ள தீப்கா சுரங்கத்துக்குள் 2019 செப்டம்பர் இறுதியில் லீலாகர் ஆற்று வெள்ளம் புகுந்ததால் உற்பத்தி தடைபட்டது. இவ்வாறு புகும் பெருமளவு நீரை விரைந்து இறைக்க வேண்டிய நெருக்கடியில், வழக்கமான மழைக்கென அமைக்கப்பட்ட குளங்கள் ஈடுகொடுப்பது கடினம். எனவே, ஆற்றங்கரைத் தடுப்பணைகளின் உறுதி சுரங்கத்தின் பாதுகாப்புக்கு மட்டுமன்றி, ஆற்று நீரின் தூய்மைக்கும் அவசியமாகிறது.

சுரங்க நீர் சுத்திகரிக்கப்பட்டுப் பல இடங்களில் அண்டைக் கிராமங்களின் பாசனத்துக்கும் குடிநீருக்கும் வழங்கப்படுவதால், அதன் தரம் அக்கிராம மக்களின் வாழ்வாதாரத்துடன் நேரடியாகத் தொடர்புடையது. வெயில் நாளில் எடுக்கப்படும் நீர் மாதிரி பெரும்பாலும் தெளிவாகவே இருக்கும். குளத்தின் உண்மையான திறன் கனமழை நாளில்தான் வெளிப்படும். 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, சுற்றுச்சூழல் அனுமதி பெற்ற சுரங்கங்கள் ஆண்டுதோறும் ஜூன் 1, டிசம்பர் 1 ஆகிய தேதிகளில் நிபந்தனைகளின் நிறைவேற்றம் குறித்து அறிக்கை அளிக்க வேண்டும். இவை பொது ஆவணங்கள். பருவமழைக்குப் பின் அளிக்கப்படும் டிசம்பர் அறிக்கையில் நீர் மாதிரிகள் எந்தெந்த நாள்களில் எடுக்கப்பட்டன என்பதை, ஆற்றின் கீழ்ப்பகுதியில் வாழும் மக்கள் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.