விக்கிப்பீடியா பங்களிப்பாளர்களின் உந்துதல்கள்

விக்கிப்பீடியா பங்களிப்பாளர்களின் உந்துதல்கள் என்பவை, ஊதியம் பெறாத தன்னார்வலர்கள் இக்கட்டற்ற கலைக்களஞ்சியத்தில் எழுதுவதற்கும் திருத்துவதற்குமான காரணங்கள் ஆகும். விக்கிப்பீடியா 2001 சனவரி 15 அன்று ஆங்கிலத்தில் தொடங்கப்பட்டது. தமிழ்ப் பதிப்பு 2003இல் தொடங்கியது. கட்டுரையின் தலைப்பின் கீழ் எழுதியவர் பெயர் இடம்பெறுவதில்லை. பக்க வரலாற்றைத் திறந்து பார்ப்பவர்களுக்கு மட்டுமே பயனர் பெயர் தெரியும். எனவே பணமும் புகழும் இல்லாத இவ்வுழைப்பு ஆய்வாளர்களின் கவனத்தை ஈர்த்தது.

மகிழ்ச்சியும் கொள்கையும்

ஓடெட் நோவ் ஆங்கில விக்கிப்பீடியர் 151 பேரிடம் நடத்திய ஆய்வு 2007இல் வெளியானது. பிறருக்கு உதவுதல், கற்றல், தொழில் முன்னேற்றம், நட்பு வட்டம் உள்ளிட்ட எட்டுக் காரணங்கள் அதில் ஒப்பிடப்பட்டன. மகிழ்ச்சியும், அறிவு கட்டற்றதாக இருக்க வேண்டும் என்ற கொள்கையும் முன்னிலை பெற்றன. எனினும், கொள்கைப் பற்று மிகுந்தவர்கள் அதற்கேற்பக் கூடுதல் நேரம் உழைத்ததாகத் தெரியவில்லை. மகிழ்ச்சியை முதன்மையாகக் கருதியவர்களே கூடுதலாகப் பங்களித்தனர்.

வாசகர் இருப்பு

2005 அக்டோபரில் சீனப் பெருநிலப்பகுதியில் விக்கிப்பீடியா முடக்கப்பட்டது. தைவான், ஆங்காங், சிங்கப்பூர் போன்ற இடங்களில் இருந்தவர்களுக்குத் தடை ஏதும் இல்லை. ஆயினும் சீன விக்கிப்பீடியாவில் அவர்களின் பங்களிப்பு சராசரியாக 42.8% குறைந்ததாக 2011இல் வெளியான ஆய்வு காட்டியது. வாசகர்களும் உடன் பங்களிப்பவர்களும் குறைந்ததே இதற்குக் காரணமாகக் கூறப்பட்டது. தான் எழுதுவதைப் பலர் படிக்கிறார்கள் என்ற உணர்வும் ஓர் உந்துதல் என்பதற்கு இது சான்றாகும்.

பாராட்டு

விக்கிப்பீடியர்கள் ஒருவருக்கொருவர் பயனர் பேச்சுப் பக்கத்தில் பதக்கம் வழங்குவது வழக்கம். இது ஒரு படமும் சில சொற்களும் மட்டுமே. மிகுதியாகப் பங்களிப்பவர்களுள் சிலரைக் குலுக்கல் முறையில் தேர்ந்து பதக்கம் அளித்த ஆய்வு 2012இல் வெளியானது. பதக்கம் பெற்றவர்கள், பெறாதவர்களைவிட ஏறத்தாழ 60% கூடுதலாகப் பங்களித்தனர்.

உந்துதல் குன்றுதல்

ஆங்கில விக்கிப்பீடியாவில் முனைப்பான பங்களிப்பாளர் எண்ணிக்கை 2007இல் உச்சம் தொட்டு, பின்னர் பல ஆண்டுகள் சரிந்தது. நல்லெண்ணத்துடன் வரும் புதியவர்களின் தொகுப்புகள் தானியங்கிக் கருவிகளால் உடனுக்குடன் நீக்கப்பட்டது இதற்கு முக்கியக் காரணம் என 2013இல் வெளியான ஆய்வு கூறியது. விசமத் தொகுப்புகளைத் தடுக்க உருவான இக்கருவிகள், நாளைய பங்களிப்பாளர்களையும் விலக்கின. முதல் தொகுப்பில் பிழை இருந்தால் அதை நீக்காமல் திருத்துவதும், காரணத்தைப் பேச்சுப் பக்கத்தில் விளக்குவதும் புதியவரைத் தக்கவைக்க உதவும். பங்களிப்பாளர் குறைவாக உள்ள மொழிப் பதிப்புகளில் ஒருவர் விலகுவதும் பெரிய இழப்பாகும்.