கத்தி வைக்காத சிற்பி: நம்ம சிலைகளுக்கு அனாடமி தெரியுமா?

மதுரை புது மண்டபத்துல ஏதாவது ஒரு தூண் சிலையோட கையைப் பாருங்க. தோள்ல ஆரம்பிச்சு மணிக்கட்டு வரை வழவழன்னு ஒரே ஓட்டமா இறங்கும். பைசெப்ஸ் கிடையாது, முழங்கை எலும்பு துருத்தாது. இதைப் பார்த்த 19-ஆம் நூற்றாண்டு ஐரோப்பியர் பலர், "இவர்களுக்கு உடற்கூறு தெரியாது" என்று தீர்ப்பு எழுதிவிட்டுப் போனார்கள். இன்னைக்கும் நம்மாளுங்களே அதைச் சொல்றாங்க. அந்தத் தீர்ப்பு எந்த அளவுகோலால வந்துச்சுன்னு முதல்ல பார்த்துடலாம்.

ஐரோப்பாவில் ஓவியம் கற்பதும் பிணத்தை அறுப்பதும் ரொம்ப நாளா பக்கத்துப் பக்கத்து வீடு. லியோனார்டோ டாவின்சி தன் வாழ்நாளில் ஏறக்குறைய 30 உடல்களை அறுத்ததாகச் சொன்னார். 1543-ல் வெசாலியஸின் உடற்கூறு நூல் வந்தது. அதில் தோல் உரிந்த மனிதர்கள் இயற்கைக் காட்சிக்கு நடுவே போஸ் கொடுத்து நிற்பார்கள். 1768-ல் லண்டனில் ராயல் அகாடமி தொடங்கியபோது, ஓவிய மாணவர்களுக்கு உடற்கூறு சொல்லித்தர வில்லியம் ஹன்டர் என்ற மருத்துவரையே பேராசிரியராக வைத்தார்கள்.

அந்த அறுத்த உடம்பு யாரோடது? பெரும்பாலும் தூக்கிலிடப்பட்டவர்கள். 1801-ல் நடந்த ஒண்ணைச் சொல்றேன், கொஞ்சம் மனசைத் திடப்படுத்திக்கங்க. சிலுவையில் தொங்கும் இயேசுவை ஓவியர்கள் சரியாத்தான் வரையுறாங்களான்னு மூணு கலைஞர்களுக்குச் சந்தேகம். கொலைக் குற்றத்துக்காகத் தூக்கிலிடப்பட்ட ஜேம்ஸ் லெக் என்ற முதிய முன்னாள் படைவீரரின் உடலை, சூடு ஆறும் முன்பே சிலுவையில் அறைந்து, பிறகு தோலை உரித்து, சிற்பி தாமஸ் பேங்க்ஸ் பிளாஸ்டரில் அச்சு எடுத்தார். அந்த வார்ப்பு இன்னும் ராயல் அகாடமியில இருக்கு. 1832-ல் சட்டம் மாறியது. அதன்பிறகு கேட்க ஆளில்லாத ஏழைகளின் உடல்கள் மேஜைக்கு வந்தன. "துல்லியம்"னு நாம பாராட்டுற விஷயத்துக்குப் பின்னாடி இந்தப் பில் இருக்கு.

இப்ப நம்ம ஊருக்கு வருவோம். 1850-ல் சென்னையில் ஓர் ஓவியப் பள்ளி தொடங்கியது. இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரி அதுதான். தொடங்கியவர் அலெக்சாண்டர் ஹன்டர். (முன்னாடி சொன்ன ஹன்டர் வேற ஆள்.) தொழில்? அறுவை மருத்துவர்! ஐரோப்பிய முறையில் உடம்பைப் பார்க்கும் கண் அந்த வழியாகத்தான் இங்கே வந்து வேரூன்றியது. அது எவ்வளவு தூரம் வளர்ந்துச்சுன்னு பார்க்க மெரினா போனா போதும். அந்தப் பள்ளியின் முதல்வராக இருந்த தேவி பிரசாத் ராய் சவுத்ரி செய்த உழைப்பாளர் சிலை, 1959-ல் வைத்தது. நாலு பேர் பாறையைப் புரட்டுறாங்க. முதுகுல, தொடையில, கெண்டைக்கால்ல ஒவ்வொரு தசையும் இழுபட்டு நிற்கும். எனக்கு ரொம்பப் பிடிச்ச சிலை, அதையும் சொல்லிடறேன்.

அப்போ புது மண்டபத்துச் சிற்பி எதை வச்சு வேலை பார்த்தார்? தாலக் கணக்கு. ஒரு தாலம் என்றால் பன்னிரண்டு அங்குலம், கிட்டத்தட்ட ஒரு முகத்தின் நீளம். ஆனா இந்த அங்குலம் ஸ்கேல்ல இருக்கிற இன்ச் இல்ல. சிவன், விஷ்ணு போன்ற தெய்வங்களுக்கான உத்தம தசதாலத்தில், சிலையின் மொத்த உயரத்தை 124 பங்காகப் பிரித்தால் வரும் ஒரு பங்குதான் ஓர் அங்குலம். பிள்ளையாருக்கு ஐந்து தாலம்தான், அதனாலதான் குழந்தை மாதிரி தலை பெருசாத் தெரியுது. வெப் டிசைன் பண்றவங்களுக்கு உடனே புரியும்: பிக்சல் கிடையாது, எல்லாமே பர்சன்டேஜ். கையளவு வெண்கலமா இருந்தாலும் தூண் அளவு கல்லா இருந்தாலும் விகிதம் உடையாது.

விகிதம் அளவைக் கொடுக்கும். வடிவம் எங்கேருந்து வரும்? செடி கொடி, மிருகம், பறவைகிட்ட இருந்து. 1914-ல் அபனீந்திரநாத் தாகூர் இந்தியக் கலையின் உடற்கூறு பற்றி ஒரு சின்னப் புத்தகம் வெளியிட்டார். மார்பும் இடையும் பசுவின் முகம் மாதிரி, முன்கை இளம் வாழைத்தண்டு மாதிரி, கண் மீன் மாதிரி என்று படம் போட்டே காட்டுவார். மதுரைக்காரங்களுக்கு இதுல என்ன புதுசு? நம்ம ஊர் அம்மன் பேரே மீன் கண்ணுதானே.

புது மண்டபத்தைப் பற்றி மதுரையில் ஒரு கதை சொல்வார்கள். திருமலை நாயக்கரின் பட்டத்தரசி சிலையைச் செதுக்கும்போது தொடையில் ஒரு சில்லு பெயர்ந்துவிட்டது. அமைச்சர் நீலகண்ட தீட்சிதர், "அப்படியே இருக்கட்டும், அரசிக்கு அங்கே மச்சம் உண்டு" என்றாராம். சாமுத்ரிகா லட்சணத்தை வைத்துச் சொன்னது. ராஜாவுக்குச் சந்தேகம், கோபம். கண்ணைப் பிடுங்க ஆள் வருவதற்குள் தீட்சிதர் கற்பூரத் தீயால் தன் கண்ணைத் தானே அவித்துக்கொண்டார். பிறகு மீனாட்சி அருளால் பார்வை திரும்பியது என்று கதை முடியும். நடந்ததா இல்லையாங்கிறது விடுங்க. அறுக்காமலே, ஏன், பார்க்காமலே ஒரு உடம்பை அறிய முடியும்னு இந்த ஊர் நம்பியிருக்கு.

அதுக்காக, "நம்மாளுங்க உடம்பைப் பார்த்ததே இல்ல"ன்னு எதிர்ப்பக்கம் சாய்ஞ்சிடாதீங்க. அதே புது மண்டபத்துல திருமலை நாயக்கரோட தொப்பையைப் பாருங்க. எந்தத் தாலமும் கொடுக்காத தொப்பை அது, ஆளைப் பார்த்து வச்சது. சோழர் காலத்துக் காரைக்கால் அம்மையார் வெண்கலங்களில் விலா எலும்பை எண்ணலாம். வத்திப்போன உடம்பைப் பார்க்க அன்னைக்குப் பிணவறை தேவைப்படல. தவசிகளும் பஞ்சமும் போதும். மருத்துவர்களிடமும் அறிவு இருந்தது: சுசுருத சம்ஹிதை, உடலைப் புல்லால் சுற்றி ஓடும் நீரில் ஏழு இரவு ஊறவைத்து, அடுக்கடுக்காகத் தேய்த்து எடுத்துப் பார்க்கச் சொல்கிறது. ஆனால் அந்த அறிவும் சிற்பியின் உளியும் ஒரே வகுப்பறையில் சந்திக்கவில்லை. தெய்வத்தோட உடம்புக்குள்ள தசையும் நரம்பும் இருக்கணும்னு சிற்பி நினைக்கவே இல்லைங்கிறது என் வாசிப்பு.

இதை வச்சு "நம்ம முறைதான் உசத்தி"ன்னு கொடி பிடிக்கவும் எனக்கு மனசு வரல. தாலக் கணக்கு பிணம் கேட்கவில்லை, சரி. ஆனால் அது தலைமுறை தலைமுறையாக ஸ்தபதி குடும்பங்களுக்குள்ளேயே இருந்தது. வெளியில் பிறந்த பிள்ளைக்குக் கதவு திறந்தது ஹன்டர் போட்ட பள்ளி மாதிரியான இடங்களில்தான். 1957-ல் மாமல்லபுரத்தில் அரசு சிற்பக்கலைப் பள்ளி வந்த பிறகுதான் ஸ்தபதி வித்தைக்கும் விண்ணப்பப் படிவம்னு ஒண்ணு வந்துச்சு. இன்னைக்கு பிளஸ் டூ முடிச்ச ஒரு பொண்ணு சென்னையில எலும்புக்கூட்டைப் பார்த்து வரையலாம், இல்ல ஈசிஆர்ல பஸ் ஏறிப் போய் 124 அங்குலம் பிரிக்கக் கத்துக்கலாம்.