ஒட்டிய நாணயங்களும் ஒரே அறைப் பிரதிகளும்

செம்பரம்பாக்கம் ஏரியின் முழு ஆழம் 24 அடி. கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. 2015 டிசம்பர் 1-ஆம் நாள் பெருமழையில் இந்த ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை நீர் அடையாற்றில் திறந்துவிடப்பட்டது. கரையோரத்தில் வீடுகளும் அலுவலகங்களும் மூழ்கின. நனைந்த மேசை நாற்காலிகளை மறுபடியும் வாங்கிவிடலாம். கணிப்பொறியில் இருந்த கணக்குகளை எந்தக் கடையில் வாங்குவது?

“பிரதி எடுத்து வைத்தால் போயிற்று” என்பீர்கள். கொஞ்சம் கணக்குப் போடுவோம். ஒரு வட்டு ஓராண்டில் பழுதாகும் வாய்ப்பு நூற்றில் ஒன்று எனக் கொள்வோம். இரண்டு வட்டுகளும் பழுதாகும் வாய்ப்பு பதினாயிரத்தில் ஒன்றுதான். ஆனால், ஒன்றின் பழுது மற்றதைச் சாராதபோதுதான் இப்படிப் பெருக்கலாம். இரண்டு நாணயங்களைப் பசை போட்டு ஒட்டிச் சுண்டினால் இரண்டும் சேர்ந்துதானே விழும்? ஒரே அறையில் இருக்கும் இரண்டு பிரதிகள் வெள்ளத்துக்கு முன் ஒட்டிய நாணயங்களே.

ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். மேசைகளில் விண்டோஸ் கணிப்பொறிகள்; கோப்புகளைக் காக்கும் சர்வரோ லினக்ஸ். சர்வரின் கோப்புகளை அப்படியே விண்டோஸ் வட்டில் நகலெடுத்தால் என்ன ஆகும்? உள்ளடக்கம் வரும். கோப்பின் உரிமையாளர் யார், அதைப் படிக்கவும் மாற்றவும் யாருக்கு அனுமதி என்ற லினக்ஸ் குறிப்புகள் பெரும்பாலும் தொலைந்துபோகும். மேலும், ஆங்கிலப் பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து மாறினால் லினக்ஸுக்கு அவை இரண்டு கோப்புகள். விண்டோஸுக்குப் பொதுவாக ஒன்றே. ஒன்றின் மேல் மற்றொன்று எழுதப்பட்டுவிடும்!

இதற்கு வழி, முதலில் மூட்டை கட்டுவது. 1979-இல் யூனிக்ஸின் ஏழாம் பதிப்பில் வந்த ‘டார்’ என்னும் நிரல், கோப்புகளை அவற்றின் குறிப்புகளோடு ஒரே கோப்பாகக் கட்டிவிடும். விண்டோஸ் வட்டு அந்த மூட்டையைப் பிரிக்காமல் வைத்திருக்கும்.

அடுத்த பிரதி தொலைவில், கோவையிலோ மதுரையிலோ, இருக்கட்டும். நாள்தோறும் எல்லாவற்றையும் அனுப்ப வேண்டுமா? வேண்டியதில்லை. ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ டிரிஜெல், பால் மெக்கரஸ் இருவரும் 1996-இல் வெளியிட்ட ‘ஆர்சிங்க்’ நிரல், கோப்பைத் துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிடுகிறது. இரு முனைகளிலும் எண் ஒத்துப்போனால் அந்தத் துண்டை விட்டுவிடும். மாறியவற்றை மட்டுமே அனுப்பும்.

இங்கும் ஓர் எச்சரிக்கை. சர்வரில் இன்று தவறுதலாக அழித்ததை, நாளை பிரதியிலும் அழிக்கும்படி அமைத்துவிட்டால் நாணயங்கள் மறுபடியும் ஒட்டிக்கொண்டன என்று பொருள்! ஆகவே தேதியிட்ட பழைய பிரதிகள் சிலவற்றையும் வைத்திருக்க வேண்டும்.

மாதம் ஒரு முறை ஒரு மூட்டையை வேறொரு லினக்ஸ் கணிப்பொறியில் பிரித்துப் பாருங்கள். கோப்பு திறக்கிறதா? உரிமையாளர் பெயர் சரியா? சரி என்றால்தான் அது பிரதி. பிறகு, உங்களிடம் ஒன்றோடொன்று ஒட்டாத பிரதிகள் எத்தனை என்று எண்ணுங்கள். அடுத்த மழைக்காலத்துக்கு முன் அந்த எண் இரண்டையாவது எட்டட்டும்.